ஐஸ் ஆலைக்கு பேட்டரி வைத்தால் டிமாண்டு கட்டணம் குறையுமா?

காசிமேட்டுக்காரன்:
மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகில் அப்பா தொடங்கிய ஐஸ் ஆலையை நடத்துகிறேன். உயரழுத்த இணைப்பு, மின்வாரியத்தோடு ஒப்பந்தம் செய்த உச்ச மின்தேவை அளவு 250 கேவிஏ. விடியற்காலை 4 மணிக்கு விசைப்படகுகளுக்கு ஐஸ் ஏற்றும்போது இரண்டு கம்ப்ரசர்களோடு கட்டி உடைக்கும் இயந்திரங்கள் இரண்டும் ஓடும். ஒரு மணி நேரம்தான். அதற்குள் மாதத்தின் உச்ச மின்தேவை 242 கேவிஏவைத் தொட்டுவிடுகிறது. அந்த உச்சத்துக்குத்தான் டிமாண்டு கட்டணம், கேவிஏவுக்குச் சுமார் 600 ரூபாய் வீதம் மாதம் 1,45,200 ரூபாய். யூனிட் கட்டணம் தனி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். ஆலை பெரும்பாலும் மூடிக் கிடக்கும், ஆனாலும் 225-க்குக் கட்டுகிறேன். அந்த இரண்டு மாதமும் பில்லைப் பார்த்தாலே வயிறு எரிகிறது. 100 யூனிட் பேட்டரி வைத்தால் 40 கேவிஏ குறையும் என்கிறார்கள். கடன் வாங்கிச் செய்யலாமா?

தண்டையார்பேட்டை வயர்மேன்:
தம்பி, கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் அந்த 225 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பதிவான உச்சம், ஒப்பந்த அளவில் 90 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். 250-இல் 90 சதவீதம் 225. பேட்டரி உங்கள் உச்சத்தை 200-க்கு இறக்கினாலும் 225-க்குத்தான் கட்டுவீர்கள். மிச்சம் வெறும் 17 கேவிஏ, 10,200 ரூபாய். ஒப்பந்த அளவைக் குறைக்காமல் பேட்டரி வாங்குவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது.

இன்னொன்று, அதை எப்போது சார்ஜ் செய்வீர்கள்? இரவு முழுவதும் கம்ப்ரசர் ஓடும் ஆலையில் இரவு சார்ஜே புதிய உச்சத்தைக் கிளப்பிவிடும்.

பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கும் கேவிஏவில் உண்மையில் வேலை செய்யும் கிலோவாட்டின் விகிதம், எவ்வளவு? 0.90 என்றால் 242 கேவிஏ என்பது 218 கிலோவாட். அந்த விகிதத்தை உயர்த்தும் கெப்பாசிட்டர் பேனலைச் சரிசெய்து 0.98-க்குக் கொண்டுவந்தால் அதே 218 கிலோவாட் 222 கேவிஏ ஆகிவிடும். இதற்குக் கடன் தேவையில்லை.

பிறகு உங்கள் உப்புநீர்த் தொட்டி. அத்தனை டன் குளிர்ந்த நீரும் அதில் தொங்கும் ஐஸ் அச்சுகளும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற சேமிப்புதானே! கட்டி உடைக்கும் அந்த ஒரு மணி நேரம் ஒரு கம்ப்ரசரை நிறுத்துங்கள். உடைக்கும் மோட்டார் ஒவ்வொன்றும் 15 குதிரைத்திறன் என்றால் இரண்டும் சேர்ந்து 22 கிலோவாட். அவை கம்ப்ரசர்களோடு மோதாவிட்டால் உச்சம் 196 கிலோவாட், அதாவது 0.98-இல் 200 கேவிஏ. இரண்டு மூன்று மாதம் அப்படியே நிற்கிறதா என்று பார்த்துவிட்டு ஒப்பந்த அளவை 210-ஆகக் குறைக்க விண்ணப்பியுங்கள். தடைக்காலத்தில் 189-க்குக் கட்டினால் போதும். ஆனால் ஒப்பந்தத்தைத் தாண்டினால் தாண்டிய அளவுக்கு இருமடங்கு கட்டணம், கவனம்.

எண்ணூர் குளிர்கிடங்கு:
அண்ணன் சொன்னதுதான் சரி. எங்களுக்கு நிறுத்தவே முடியாத சுமை இருந்ததால் பேட்டரி வைத்தோம், பயன் இருக்கிறது. ஆனால் 2023 டிசம்பர் புயல் மழையில் தரைமட்ட அறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்துவிட்டது. இப்போது மூன்றடி மேடையில் வைத்திருக்கிறோம். உப்புக்காற்றில் இணைப்பு முனைகள் பச்சை பூத்துவிடும், மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

காசிமேட்டுக்காரன்:
அண்ணா, பவர் ஃபேக்டர் 0.91. கெப்பாசிட்டர்களில் நான்கு உப்பிப்போய்க் கிடந்தன. ஆறு வருடமாக அந்தப் பேனலை யாரும் திறக்கவில்லை. நேற்று விடியற்காலை ஒரு கம்ப்ரசரை 50 நிமிடம் நிறுத்தினேன். தொட்டியின் வெப்பமானி மைனஸ் 10-இலிருந்து மைனஸ் 9-க்குத்தான் ஏறியது. படகுக்காரர்கள் வழக்கம்போல் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

தண்டையார்பேட்டை வயர்மேன்:
உப்பிய நான்கையும் இன்றே கழற்றிவிடுங்கள், வெடித்துவிடும்.