ஸ்மார்ட் வாட்ச் பேட்டரி ஒரு மாதம் தாங்கும் காலம் வருமா?

கேள்வி:
என் தாயாரின் தூக்கத்தையும் இதயத் துடிப்பையும் கவனிப்பதற்காகச் சென்ற ஆண்டு ஸ்மார்ட் வாட்ச் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதை இரவுதோறும் கழற்றிச் சார்ஜில் போட வேண்டியிருப்பதால், எதற்காக வாங்கினேனோ அந்த வேலை மட்டும் நடப்பதில்லை. என் பழைய குவார்ட்ஸ் கடிகாரமோ ஒரே பொத்தான் பேட்டரியில் மூன்று ஆண்டுகள் ஓடுகிறது. நல்ல பேட்டரி வரும்வரை காத்திருக்கலாமா?

மறுமொழி 1:
ஐயா, குவார்ட்ஸ் கடிகாரத்துக்குச் சுமார் 1 மைக்ரோஆம்பியர் மின்னோட்டமே போதும். 300 மில்லிஆம்பியர்-மணி பேட்டரியை 18 மணி நேரத்தில் தீர்க்கும் ஸ்மார்ட் வாட்ச், சராசரியாக அதைப்போல் 16,000 மடங்குக்கு மேல் மின்னோட்டத்தை இழுக்கிறது. ஆகவே குறை பேட்டரியில் மட்டும் இல்லை. 2013-இல் வந்த பெபிள் என்ற ஸ்மார்ட் வாட்ச், வெளிச்சத்தைப் பிரதிபலிக்கும் எளிய திரையை வைத்துக்கொண்டே ஏறக்குறைய ஒரு வாரம் ஓடியது.

மறுமொழி 2:
பேட்டரியும் முன்னேறாமல் இல்லை. பேட்டரியின் எதிர்மின்வாயில் (சார்ஜ் ஏறும்போது லித்தியத்தைத் தேக்கும் முனையில்) உள்ள கிராஃபைட் கிராமுக்கு 372 மில்லிஆம்பியர்-மணி மின்னூட்டத்தையே தேக்கும். சிலிக்கனால் கோட்பாட்டளவில் ஏறத்தாழ 3,600 வரை தேக்க முடியும். ஆனால் சார்ஜ் ஏறும்போது சிலிக்கன் மூன்று மடங்குக்கும் மேலாகப் பருத்து விரிசல் விடுவதால், அதைப் பழக்குவதற்கே பல ஆண்டுகள் பிடித்தன. 2021-இல் உடல்நிலையைக் கண்காணிக்கும் வூப் 4.0 என்ற மணிக்கட்டுப் பட்டையில் சிலிக்கன் எதிர்மின்வாய் பயன்படுத்தப்பட்டபோது, கிடைத்த ஆதாயம் கருவியைச் சிறிதாக்கவே போயிற்று. ஓடும் காலம் முன்போலவே ஐந்து நாள்தான். (மெலிந்த கருவிதான் விற்கிறது, என்ன செய்வது?) 2024-இல் ஜப்பானின் மின்னணு உதிரிபாக நிறுவனமான டிடிகே, லிட்டருக்கு 1,000 வாட்-மணி அடர்த்தியுள்ள திட நிலை பேட்டரிக்கான (திரவ மின்பகுபொருளுக்குப் பதில் திடப்பொருள் உள்ள பேட்டரி) பொருளை அறிவித்தது; அது அணிகருவிகளையே குறிவைத்தது என்றாலும், அந்த ஆதாயமும் இதே வழியில் செலவாகலாம் என்பது என் எண்ணம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. உடல் வெப்பத்திலேயே ஓடும்படி செய்ய முடியாதா?

மறுமொழி 1:
சீகோ நிறுவனம் 1998-இலேயே அப்படியொரு கடிகாரத்தை விற்றது. ஆனால் அது நேரம் மட்டுமே காட்டும் கடிகாரம். மணிக்கட்டுக்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் சில பாகை வேறுபாடே இருப்பதால் சதுர சென்டிமீட்டருக்குச் சில பத்து மைக்ரோவாட் கிடைத்தாலே பெரிது. உங்கள் வாட்ச் கேட்பதோ சுமார் 60 மில்லிவாட். நம் ஊர் கோடையில் அந்த வேறுபாடும் மறைந்துவிடும். இப்போதைக்குத் தாயார் மாலையில் தொலைக்காட்சி பார்க்கும் நேரத்தில் சார்ஜ் ஏற்றிவிட்டு, படுக்கும்போது கையில் கட்டிவிடுங்கள்.