புதுப்பிப்பு: 4 பிரைமரி பார்ட்டிஷன் சிக்கல் தீர்ந்தது (விண்டோஸ் 10, உபுண்டு, டெபியன்)

உதவிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. விண்டோஸ் 10 இருக்கும் என் லேப்டாப்பில் உபுண்டு, டெபியன் என்ற இரண்டு லினக்ஸ்களையும் சேர்த்து நிறுவ முயன்றேன். அது பழைய பயாஸ் (பழைய துவக்க முறை) லேப்டாப், 500 ஜிபி எம்பிஆர் (டிஸ்க் பிரிவுகளைக் குறித்துவைக்கும் பழைய முறை) டிஸ்க். சி டிரைவைச் சுருக்கிக் காலி இடம் எடுத்தும், உபுண்டு இன்ஸ்டாலர் அந்த இடத்தை ‘அன்யூசபிள்’ என்றே காட்டியது. இதுதான் நான் கேட்டிருந்தது.

காரணம், டிஸ்க்கில் ஏற்கெனவே 4 பிரைமரி பார்ட்டிஷன்கள் (முதன்மைப் பிரிவுகள்) இருந்தன. எம்பிஆரில் 4-க்கு மேல் பிரைமரி வைக்க முடியாது. டைனமிக் டிஸ்க்காக (விண்டோஸுக்கே உரிய பிரிவு முறை) மாற்றலாமா என்று விண்டோஸ் கேட்டபோது, வேண்டவே வேண்டாம் என்று எச்சரித்த நண்பருக்குத் தனி நன்றி. மாற்றியிருந்தால் லினக்ஸ் நிறுவுவது பெரும்பாடாகியிருக்கும்.

பலித்தது எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் யோசனைதான். அதாவது, ஒரு பிரைமரியின் இடத்தில், தனக்குள் பல ‘லாஜிக்கல்’ பிரிவுகளை வைத்துக்கொள்ளும் ஒரு பார்ட்டிஷன். அந்த நான்கில் ஒன்றான டி டிரைவில் இருந்ததை வெளி டிஸ்க்கில் நகல் எடுத்தேன். இரண்டு கோப்புகளைத் திறந்து சரிபார்த்த பிறகே டி-யை அழித்தேன். அப்புறம் அந்த இடத்தையும் காலி இடத்தையும் சேர்த்து ஒரே எக்ஸ்டெண்டட், அதற்குள் லாஜிக்கலாகப் புதிய டி, உபுண்டு, டெபியன், இரண்டு லினக்ஸுக்கும் பொதுவாக ஒரு ஸ்வாப் (ரேம் போதாதபோது பயன்படும் டிஸ்க் இடம்). லினக்ஸ் லாஜிக்கலிலிருந்தே நன்றாக பூட் ஆகிறது.

எதிர்பாராதது ஒன்று. டெபியனை நிறுவியதும் உபுண்டு திறக்க 1 நிமிடம் 30 நொடி கூடுதலாக எடுத்தது. திரையில் ஒரு சிவப்பு நட்சத்திர வரிசை இங்கும் அங்கும் ஓடிக்கொண்டே இருந்தது. டெபியன் இன்ஸ்டாலர் ஸ்வாப்பை மறுபடி ஃபார்மேட் செய்ததால் அதன் யூயூஐடி (அடையாள எண்) மாறிவிட்டது. உபுண்டு பழைய எண்ணையே தேடிக் காத்திருந்தது. உபுண்டுவின் எஃப்எஸ்டேப் கோப்பில் (பூட் ஆகும்போது இணைக்க வேண்டிய பார்ட்டிஷன்களின் பட்டியல்) புதிய எண்ணைப் போட்டதும் சரியாகிவிட்டது. இரண்டாவது லினக்ஸ் போடுபவர்கள், அந்த ஸ்வாப்பைத் தொட வேண்டாம் என்று இன்ஸ்டாலரிலேயே குறித்துவிடுங்கள்.