தாய்லாந்து காஞ்சனபுரில நம்மாளுங்க நடுகல் பாத்தவங்க இருக்கீங்களா? அனுபவம் சொல்லுங்க

வேப்பனப்பள்ளிக்காரன்:
கம்பெனி வேலையா பாங்காக் போனப்ப ஒரு ஞாயித்துக்கிழமை ரூம்ல படுத்து என்ன பண்றதுனு காஞ்சனபுரி கிளம்பிட்டேன், க்வாய் ஆத்துப் பாலம் பாக்கலாம்னுதான், வேற நோக்கமே இல்ல. ரெண்டாம் உலகப் போர்ல ஜப்பான்காரன் 1942-43ல சயாம்ல (இப்ப தாய்லாந்து) இருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டானே, அந்த எடம். பிடிபட்ட சோல்ஜர்ங்க 60,000 பேருக்கு மேல வேலை வாங்கி 12,000 பேருக்கு மேல சாவடிச்சுட்டான். அவங்க கல்லறை டவுனுக்குள்ளயே இருக்குது, கிட்டத்தட்ட 7,000 பேரு. பேரு, ரெஜிமெண்ட், வயசுனு ஆளுக்கு ஒரு பலகை, பாதிக்கு மேல சின்னப் பசங்க, புல்லு கூட வரிசை தப்பாம வெட்டி வச்சிருக்காங்க.

சரி, இதே ரயில் வேலைக்கு மலேயா ரப்பர் தோட்டத்துல இருந்து லாரில அள்ளிட்டுப் போன நம்ம தமிழ் ஆளுங்க எங்கனு தேடினா ஒரு பேரு கெடையாது. செத்த கூலிக்காரங்க கணக்கு கைதிங்களை விட பல மடங்குங்க. பாலத்துக்கிட்ட 1944ல ஜப்பான் பட்டாளமே கட்டுன நினைவுத் தூண் இருக்குது, அதுல தமிழ்லயும் எழுதியிருக்குது. கொன்னவனே கல்வெட்டும் வச்சிருக்கான், பாத்ததும் வயிறு எரிஞ்சுது.

அப்புறம்தான் வாட் தாவர்ன்ங்கற புத்தர் கோயில்ல நடுகல்லைப் பாத்தேன். தாய்லாந்துத் தமிழருங்க முயற்சி பண்ணி 2023லதான் நட்டாங்க, நம்ம தமிழ்நாடு அரசும் 10 லட்சம் ரூபா குடுத்துச்சு. நம்ம பக்கம் மாடு மீட்கப் போயி செத்தவனுக்கே கல்லு நட்டு இன்னைக்கும் வேடியப்பன்னு பொங்கல் வைக்கிறோம், இவங்களுக்கு 80 வருஷம் ஆயிருக்குது பாருங்க.

பாலக்கோடு பையன்:
அண்ணா நான் சிங்கப்பூர்ல இருக்கேன். இங்க எஸ்பிளனேடு பார்க்ல ஐஎன்ஏ (நேதாஜியோட இந்திய தேசிய ராணுவம்) நினைவிடம் இருந்த எடத்துல ஒரு பலகை இருக்கு பாத்தீங்களா? 1942 பிப்ரவரில சிங்கப்பூர் விழுந்தப்ப பிடிபட்ட இந்திய சிப்பாய்ங்கள்ல நெறைய பேரு சேந்த படைதான் அது, கூட தோட்டத்துத் தமிழாளுங்களும் சேந்தாங்க. 1945 ஜூலைல நேதாஜி அடிக்கல் போட்டாரு, செப்டம்பர்ல வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் மவுண்ட்பேட்டன் உத்தரவுல இடிச்சுட்டாங்க. 1995லதான் அங்க பலகை வச்சாங்க. நான் லஞ்ச் டைம்ல அந்தப் பக்கம் நடக்கறப்ப எல்லாரும் அது பக்கத்துல நின்னு செல்ஃபி எடுக்கறாங்க, ஆனா பின்னாடி தெரியற கட்டடத்துக்கு.

தர்மபுரி அக்கா:
தம்பி வெளிநாடு வரைக்கும் எதுக்கு, எங்க ஊரு வேடியப்பன் கல்லுக்கு போன திருவிழாவுல பச்சை எனாமல் பெயிண்ட் அடிச்சு வச்சிருக்காங்க, மேல இருந்த வட்டெழுத்து, அதான் அந்தக் காலத்துத் தமிழ் எழுத்து, ஒண்ணு கூட தெரியல. கேட்டா சாமி பளிச்சுனு இருக்கட்டும்கறாங்க. தர்மபுரி மியூசியத்துல இருக்கற நடுகல்லுங்களைப் போயி பாருங்க, அதுங்க பெயிண்ட்டுக்குத் தப்பிச்சுதுங்க. வேப்பனப்பள்ளி தம்பி, காஞ்சனபுரிக்கு எப்படிப் போறது? அம்மாவைக் கூட்டிட்டுப் போகலாமா, அதிகம் நடக்க முடியாது.

வேப்பனப்பள்ளிக்காரன்:
பாங்காக் தோன்புரி ஸ்டேஷன்ல இருந்து ட்ரெயின் இருக்குதுங்கக்கா, ஏசி இல்ல, ஜன்னல் ஓரம் சீட்டு புடிங்க. அம்மாவைத் தாராளமா கூட்டிட்டுப் போகலாம், டவுனுக்குள்ள சுத்த வண்டி கெடைக்குது.