ஹாஃப் ஹால்ட்: ‘அரை நிறுத்தம்’ வேண்டாமே

அனைவருக்கும் வணக்கம். குதிரையேற்றத்தில் ‘ஹாஃப் ஹால்ட்’ (half-halt) என்றொரு சைகை உண்டு: ஓடும் குதிரையை நிறுத்தாமலே, ஒரு கணம் தன்னைத் தானே தாங்கிச் சமன்படுத்திக்கொள்ள வைப்பது. அதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> ஹாஃப் ஹால்ட் என்பதற்கு ‘அரை நிறுத்தம்’ என்றே வைத்துவிடலாமே? பொருள் நேராக வருகிறதே.

ஐயா, அப்படி நேராக வருவதுதான் எனக்குக் கவலை. குதிரையேற்றம் பழகும் பிள்ளைகளிடம் இந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ‘நிறுத்தம்’ என்று காதில் விழுந்ததுமே கடிவாள வாரைப் பிடித்து இழுக்கிறார்கள். குதிரை தலையைத் தூக்கி, முதுகைக் குழித்துக்கொண்டு, பின்கால்களை இழுத்து இழுத்து நடக்கிறது. நாம் கேட்டதற்கு நேர் எதிர்.

நின்றுகொண்டிருக்கும் குதிரையின் எடையில் ஏறத்தாழ 58 சதவீதம் முன்கால்களில்தான் இறங்குகிறது. தலையும் கழுத்தும் அந்தப் பக்கம்தானே இருக்கின்றன. ஆள் ஏறினால் அவர் எடையிலும் பெரும்பங்கு முன்னால்தான் சேரும். இந்த நிலைக்கு மாட்டுவண்டிக்காரர்களின் சொல் ஒன்று தயாராக இருக்கிறது: முன்பாரம். பாரம் முன்னால் ஏறினால் வண்டி மாட்டின் கழுத்தை அழுத்தும். முன்பாரமான குதிரையோ ஆளின் கையில் கனக்கும், வளைவில் தடுமாறும்.

அந்த முன்பாரத்தைக் குறைக்கத்தான் ஹாஃப் ஹால்ட். சவாரி செய்பவர் நிமிர்ந்து, சேணத்தில் அழுந்த உட்கார்ந்து, இரண்டு கால்களாலும் குதிரையை முன்னே அனுப்புகிறார். அதே கணம் விரல்கள் வாரின்மேல் இறுகி, உடனே நெகிழ்கின்றன. நன்றாகப் பழகிய குதிரையில் எல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். பின்கால்கள் வயிற்றுக்கு அடியில் வருகின்றன, பின்பக்கம் தாழ்கிறது, தோள் லேசாகிறது. தாளம் மட்டும் குலையக் கூடாது: டிராட் (மிதமான ஓட்டம்) என்றால் இரண்டு தட்டு, கேன்டர் (அதைவிட வேகமான ஓட்டம்) என்றால் மூன்று.

பிரெஞ்சுக்காரர்களின் ‘தெமி அரே’யும் ‘அரை நிறுத்தம்’தான், ஒப்புக்கொள்கிறேன். 1733இல் வெளிவந்த தம் நூலிலேயே பிரெஞ்சுக் குதிரையேற்ற ஆசான் கெரினியேர் அதை விளக்கியிருக்கிறார். ஜெர்மானியர்களின் ‘ஹால்பே பராடே’யிலும் அந்த ‘அரை’ உண்டு. ஆனால் அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுக்க ஆசான்கள் இருந்தார்கள். பெயர் கொஞ்சம் பிசகினாலும் பயிற்சி திருத்திவிடும். நாம் இப்போதுதான் பெயர் வைக்கிறோம். பிசகை ஏன் சேர்த்து வாங்க வேண்டும்?

என் பரிந்துரை: நிதானிப்பு. வினையாக ‘நிதானி’.

‘நிதானமாகப் போ’ என்றால் மெதுவாகப் போ என்றுதானே அர்த்தம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, நானும் இதில்தான் நெடுநேரம் தயங்கினேன். ஆனால் குடித்தவர் ‘நிதானம் தவறி’ விழுந்தார் என்கிறோமே, அங்கே தவறியது வேகமா? தன் உடம்பைத் தானே தாங்கும் பிடிமானம் அல்லவா? குதிரையிடம் நாம் கேட்பதும் அதைத்தான்.

இன்னொரு வசதி, இதைக் கூவலாம். ஒரு மணி நேர வகுப்பில் பயிற்சியாளர் இதை நூறு முறை சொல்ல வேண்டிவரும். “மூலைக்கு முன்னாடி நிதானி! இப்ப விடு!” என்பது வாயில் வருகிறது. “அரை நிறுத்தம் செய்” என்று சொல்லி முடிப்பதற்குள் குதிரை மூலையைத் தாண்டியிருக்கும்.

அந்த ‘விடு’வுக்கும் ஒரு சொல் வேண்டும். இறுக்கியதை நெகிழ்த்தாவிட்டால் குதிரை தன்னைத் தாங்கக் கற்காது, நம் கையிலேயே சாய்ந்துகொள்ளும். நான் ‘நெகிழ்ப்பு’ என்று குறித்து வைத்திருக்கிறேன், முழுத் திருப்தி இல்லை. இதைவிட நல்லது தோன்றினால் சொல்லுங்கள். அப்புறம், வண்டி ஓட்டிப் பழகியவர்கள் யாராவது இங்கே இருந்தால், முன்பாரத்தை நான் சரியாகத்தான் எடுத்தாண்டிருக்கிறேனா என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.