ஆறாம் கட்டைக் குடும்பம்: சனிக்கிழமை ராத்திரி எங்கே?

செவ்வாய்

தேவி: எல்லோருக்கும் வணக்கம். ஞாயிறு காலை பவித்ராவுக்குப் பரிசம், மறந்துவிடாதீர்கள். மாப்பிள்ளை வீட்டார் சனிக்கிழமை சாயங்காலமே வருகிறார்கள். கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரல் வந்து, அங்கிருந்து இடிஎஸ் ரயில். 11 பேர். ஈப்போவில் ரூம் போட்டாச்சு. ராத்திரி எங்கே சாப்பிட வைப்பது? யாராவது சொல்லுங்கள், எனக்குத் தலை சுற்றுகிறது.

பாலா: ஈப்போதான் அத்தை

குமார்: ஈப்போ. நம்ம ஊர் சுங்கை சிப்புட்டில் என்ன இருக்கிறது

ராஜேன்: ஆம்பளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன். அந்தக் கவலை உனக்கு வேண்டாம் தேவி.

லெட்சுமி: வேண்டாம்

லெட்சுமி: பழையது போதும்

பாலா: என்ன பழையது?

சரோ: நீ அப்போது சின்னப் பிள்ளை பாலா. விடு.

சுந்தரம்: தேவி, அவசரப்படாதே, நான் சொல்கிறேன். முதலில் குமாருக்கு. சிப்புட்டில் என்ன இருக்கிறது என்று கேட்காதே தம்பி. 27 வருடம் முதலில் ரப்பர் பால் லோரி, அப்புறம் செம்பனை லோரி ஓட்டியவன் நான். நம் ஊர் பார் என்றால் சீனர் காப்பிக் கடைதான். பகலில் மீ விற்கும் அதே கடை, பொழுது சாய்ந்தால் பீர்க் கடை. கல்மேசை, பெரிய போத்தல், கிளாஸில் ஐஸ், ஒரு தட்டு வறுத்த கச்சான். பின்னால் அடுப்பில் நம்ம ஆள் ஒருவர் காட்டுப்பன்றிப் பிரட்டல் போடுவார், மிளகு வாசம் ரோடு வரைக்கும் வரும். காலிப் போத்தலை எடுத்துக்கொண்டு போகமாட்டார்கள், மேசைக் காலடியிலேயே வரிசையாக நிற்கும். கிளம்பும்போது முதலாளி குனிந்து விரலால் எண்ணுவார். அதுதான் பில். நீ எவ்வளவு குடித்தாய் என்று கடை முழுக்கத் தெரியும், அதனால் எல்லோரும் அளவு மீறத் தயங்குவார்கள். ஏழு மணிக்கு வந்தவன் ஒன்பது மணிக்கு எழுந்துவிடுவான், விடியுமுன்னே பால்மரம் வெட்டப் போகவேண்டும் அல்லவா. நல்ல பார் என்றால் எனக்கு அதுதான்.

குமார்: மாமா, அங்கே சம்பந்தி அம்மாவை உட்கார வைப்பீர்களா?

சுந்தரம்: அங்கே உட்கார வைக்க முடியாது. அதனால்தான் ஈப்போ. வருகிறேன், டைப் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ராஜேன்: அண்ணே, நீங்கள் சொல்வது எல்லாம் பழைய காலம். கிள்ளான்காரர்கள் எல்லாம் பார்த்தவர்கள். பாட்டு, லைட்டு உள்ள இடமாகப் பார்க்கலாம். பாலாவும் வரட்டும்.

சரோ: பாலாவுக்கு இன்னும் 21 ஆகவில்லை.

பாலா: ஜனவரியில் ஆகிறது பெரியம்மா

சுந்தரம்: 2017 டிசம்பரிலிருந்து 21 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு விற்கக்கூடாது. ஜனவரி வரும்வரை மைலோ ஐஸ். ராஜேன், பாட்டு லைட்டு உள்ள இடத்துக்கும் நான் போயிருக்கிறேன். ஈப்போவில் ஒரு இடம், பெயர் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்தவன் வாயைப் பார்த்துத்தான் என்ன பேசுகிறான் என்று ஊகித்தேன். நாலு பேர் நாலு கிளாஸ், அந்தக் காசுக்கு ஒரு வாரச் சாமான் வாங்கலாம். பரிசத்துக்கு முந்தின ராத்திரி சம்பந்திகள் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டும். பேச முடியாத இடத்தில் எதற்கு உட்கார வேண்டும்?

தேவி: அண்ணே, இடத்தைச் சொல்லுங்கள்

சுந்தரம்: சொல்கிறேன். ஈப்போவில் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய டவுனும் புதுசும் ஒன்றில்லை, நடுவே கிந்தா ஆறு ஓடுகிறது. பழைய டவுன் பகலுக்கு உரியது. வெள்ளைக் காப்பிக்குப் பேர்போன சின் யூன் லூங், நாம் ஹியோங் எல்லாம் அங்கேதான், ஆனால் ராத்திரி அங்கே போய் நின்றால் கதவுதான் இருக்கும். நாசி கஞ்சா என்கிற கறிச்சோற்றைப் பாலா ஆரம்பிப்பான், அதுவும் மதியச் சாப்பாடு. சிவப்புக் கோழி, உப்பு முட்டை, வெயிலில் வரிசை. ஆகவே ராத்திரிக்கு ஆற்றைத் தாண்டிப் புதுப்பக்கம் வரவேண்டும். தவுகே கோழி, அதாவது கோழியும் பயறு முளையும். லோ வோங், ஓன் கீ இரண்டு கடையும் ஒரே சாலையில் இருக்கின்றன, எதில் உட்கார்ந்தாலும் சரி. சண்டை போடாதீர்கள். கிள்ளானில் பாக் குட் தே என்கிற பன்றி எலும்புச் சூப் இருக்கிறது என்று அவர்கள் பேசுவார்கள், பேசட்டும். இந்தத் தவுகேயை ஒரு வாய் தின்றால் பேச்சு நின்றுவிடும். மற்ற ஊர் முளை நீளமாக, நார் மாதிரி இருக்கும். ஈப்போ முளை குட்டையாக, குண்டாக இருக்கும், கடித்தால் நறுக்கென்று உடைந்து தண்ணீர் விடும். சுண்ணாம்புமலைத் தண்ணீர்தான் காரணம் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். வெந்நீரில் ஒரு முக்கு, மேலே சோயா, எண்ணெய், வெள்ளை மிளகு. அவ்வளவுதான். 11 பேருக்கு இரண்டு கோழி, நாலு தட்டு முளை, கொய்தியாவ் அரிசி நூடுல்ஸ் ஆளுக்கு ஒன்று.

பாலா: பெரியப்பா எனக்கு இப்போதே பசிக்கிறது

குமார்: ஜொகூரில் இந்த முளைக்கு ஏங்குகிறேன்

பவித்ரா: பெரிய மாமா

பவித்ரா: அவர் அம்மா சனிக்கிழமை கவுச்சி தொடமாட்டார்கள். பெருமாளுக்கு விரதம்.

பாலா: ஐயோ

தேவி: இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா பவி

பவித்ரா: நீங்கள் ஈப்போ என்றுதான் கேட்டீர்கள், சாப்பாடு கோழியாகும் என்று எனக்குத் தெரியுமா அம்மா

சரோ: அவர்கள் மட்டுமா, வீட்டோடு எல்லோருமா?

பவித்ரா: அம்மாவும் பாட்டியும். மற்றவர்கள் சாப்பிடுவார்கள், ஆனால் அம்மா முன்னால் சாப்பிடக் கூச்சப்படுவார்கள்.

சுந்தரம்: சரி. அப்படியென்றால் கோழி வேண்டாம். ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க மற்றவர் தின்பது சம்பந்தி முறை இல்லை. நாளைக்குச் சொல்கிறேன்.

புதன்

ராஜேன்: லிட்டில் இந்தியாவில் வாழை இலை. முடிந்தது. அப்புறம் ஆம்பளைகள் நாலைந்து பேர் சிங்களீஸ் பார் போய் வரலாம். அண்ணனே அந்தக் கடையை மறுக்க மாட்டார்.

சுந்தரம்: அந்தக் கடையை மறுக்க மாட்டேன், அது உண்மை. மாப்பிள்ளையின் அப்பா பழசு விரும்புபவர் என்று பவி சொன்னாள். 1931-ல் திறந்த கடை, ஜாலான் பீஜே தீமாவில், பழைய டவுன் பக்கம். தள்ளினால் இரண்டு பக்கமும் ஆடும் அரைக்கதவு. லோரிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கதவை எத்தனை தரம் தள்ளியிருப்பேன். உள்ளே போனால் யாரும் கத்தமாட்டார்கள். ஆனால் ராஜேன், ஒரு மணி நேரம், ஆளுக்கு ஒன்று. அப்புறம் யார் வண்டி ஓட்டுவது என்பதை இப்போதே முடிவு செய்.

ராஜேன்: நான்தான் ஓட்டுவேன். எனக்கு ஒன்றும் ஆகாது.

சுந்தரம்: ஆகும். 2020 அக்டோபர் 23 முதல் சட்டம் வேறு. முன்பு 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராம் வரை விட்டார்கள், இப்போது 50தான். ஊதச் சொன்னால் 22 மைக்ரோகிராம். முதல் தடவை பிடிபட்டாலே 10,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதம், இரண்டு வருடம் வரை ஜெயில். லோரி ஓட்டிய காலத்தில் ரோட்டோரம் தலை நசுங்கிக் கிடந்த வண்டிகளைப் பார்த்தவன் சொல்கிறேன், சட்டத்துக்குப் பயந்து அல்ல. ஈப்போவிலிருந்து நம் வீடு 30 கிலோமீட்டர், பாதி இருட்டு.

ராஜேன்: ஒரு கிளாஸுக்கு இவ்வளவு பேச்சா அண்ணே

லெட்சுமி: மூத்தவள் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரியும் ஒரு கிளாஸ்தான் என்றாய் ராஜேன். காலை ஆறு மணிக்கு முகூர்த்தம். ஆறரைக்கு வந்தாய், மாப்பிள்ளை வீட்டு ஆட்களையும் இழுத்துக்கொண்டு. ஐயர் உட்கார்ந்திருந்தார். நான் வாசலில் நின்றேன்.

ராஜேன்: அக்கா, பதினைந்து வருடம் ஆச்சு

லெட்சுமி: எனக்கு நேற்று மாதிரி இருக்கிறது

ராஜேன்: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

பாலா: அப்பா எதை அழித்தீர்கள்

சரோ: பாலா, போய்ப் படி.

பவித்ரா: பெரிய மாமா, அவர் அப்பா எல்பில் தோட்டத்தைப் பார்க்கலாமா என்று கேட்கிறார். அவர் வரலாற்று ஆசிரியர் இல்லையா.

சுந்தரம்: தாராளமாக. 1948 ஜூன் 16 காலை எல்பில் தோட்டத்தில் ஒரு துரை, பின் சூன் தோட்டத்தில் இரண்டு பேர், மூவரையும் கம்யூனிஸ்ட்கள் சுட்டார்கள். அதிலிருந்துதான் 12 வருட அவசரகாலம். ஞாயிறு மதியம் நானே கூட்டிப்போகிறேன். அப்படியே அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அவரிடம் நான் கேட்க வேண்டியது வேறு. அவர் தாத்தா கிள்ளான் பக்கத் தோட்டம் என்றாயே. 1941-ல் கிள்ளான் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் கேட்டவற்றில் கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒன்று. சம்பளம் கேட்டார்கள், துரை எதிரில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம் என்றார்கள், கூடவே கள்ளுக்கடை வேண்டாம் என்றார்கள். 1947-ல் கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு முன்னால் மறியல் செய்தது. சம்பளம் வாங்கிய கை வீட்டுக்குப் போகுமுன் கள்ளுக்கடை வந்துவிடும், அப்படித்தான் தோட்டத்து லயத்தில் எல்லாம் அமைந்திருந்தது. நம் சனம் குடியை விரும்பிப் போய் விழுந்தது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

குமார்: மாமா, அது எனக்குத் தெரியும். அப்பாவுக்குக் கள்ளு இல்லை.

லெட்சுமி: சம்சு, மலிவுச் சாராயம். சின்னப் போத்தல். சட்டைப் பையில் அடங்கும். துணி துவைக்கும்போது மூடி கிடைக்கும், பித்தளைக் கலரில். ஒரு டின்னில் போட்டு வைத்தேன். டின் நிறைந்தது. அவர் அதற்கு முன்னாலேயே போய்விட்டார்.

குமார்: அம்மா

தேவி: அக்கா

லெட்சுமி: நான் யாரையும் குறை சொல்லவில்லை. உட்கார்ந்து பேசிக் குடிப்பது வேறு, மறைத்துக் குடிப்பது வேறு. சுந்தரம் சொல்லும் கடையில் எல்லோரும் பார்க்கக் குடித்தார்கள், சரி. ஆனால் அறுபத்தெட்டு வயதாகிறது எனக்கு. ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு கடையில் உட்கார்ந்து டீ குடித்ததில்லை. ஆம்பளைகள் போவார்கள், நாங்கள் சோற்றை மூடி வைத்துக்கொண்டு காத்திருப்போம். இப்போதும் ஆம்பளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் பேச்சு ஆரம்பித்தது.

(நெடுநேரம் யாரும் எழுதவில்லை)

சுந்தரம்: அக்கா, எனக்கு முதலிலேயே இது தோன்றியிருக்க வேண்டும். நீங்களும் வருகிறீர்கள். சம்பந்தி அம்மா, அவர்கள் பாட்டி, நீங்கள், சரோ, எல்லோரும் ஒரே மேசை. முதலில் லிட்டில் இந்தியாவில் இலைச் சாப்பாடு, சைவம், ஏழரைக்கு. அங்கேயிருந்து டோங் சுய் காய். ஜாலான் சுல்தான் எக்ராமில் ராத்திரிதான் களை கட்டும் தெரு. சர்க்கரைத் தண்ணீர்த் தெரு என்று அர்த்தம். வரிசையாக ஒட்டுக்கடைகள், ரோட்டோரம் பிளாஸ்டிக் நாற்காலி. குழந்தையும் உட்காரலாம், பாட்டியும் உட்காரலாம், யாரும் ஏன் வந்தாய் என்று கேட்கமாட்டார்கள். ஐஸ் கச்சாங், எள்ளுக் கூழ், வெட்டிய பழம். கவுச்சி இல்லாதவர்களுக்கும் நிறைய இருக்கிறது. எனக்கு ஈப்போ ராத்திரி என்றால் பாரை விட அந்தத் தெருதான். கெர்பாங் மாலாம் ராத்திரிச் சந்தையும் உண்டு, ஆனால் பாட்டியை அந்தக் கூட்டத்தில் நடக்க வைக்க வேண்டாம்.

லெட்சுமி: ஐஸ் கச்சாங்கில் ஜெல்லி போடுவார்களா

சுந்தரம்: வேண்டாம் என்று சொன்னால் போடமாட்டார்கள் அக்கா. கூலா மெலாக்கா வெல்லப் பாகு கூடக் கேட்டு வாங்கித் தருகிறேன்.

லெட்சுமி: அப்போ சரி

சரோ: பச்சைச் சேலை கட்டிக்கொள்ளுங்கள் அண்ணி. அன்றைக்கு வாங்கியது அப்படியே இருக்கிறது.

வெள்ளி

தேவி: வேன் யார் ஓட்டுவது?

சுந்தரம்: நான். ஒரு சொட்டும் தொடமாட்டேன்.

ராஜேன்: அப்படியென்றால் சிங்களீஸ் பார்?

சுந்தரம்: மாப்பிள்ளையின் அப்பா கேட்டால் பார்க்கலாம். கேட்காமல் நாம் சொல்லக்கூடாது.

ராஜேன்: அவர் கேட்பார்

பவித்ரா: சின்ன மாமா, நீங்கள் கேட்க வைப்பீர்கள்

ராஜேன்: லெட்சுமி அக்கா, ஞாயிறு காலை ஐந்து மணிக்கே உங்கள் வீட்டு வாசலில் நிற்பேன். பூமாலை நான் வாங்கி வருகிறேன். இதை மட்டும் எனக்கு விடுங்கள்.

லெட்சுமி: நாலரைக்கு வா. காப்பி போட்டு வைக்கிறேன்.

குமார்: தாம்பூலப் பைக்கு புந்தோங் கச்சாங் பூத்தே வாங்கலாமா? முறுக்கு, கடலை, பட்டாணி கலந்தது. கிள்ளான்காரர்கள் எடுத்துப் போகட்டும். தம்பூன் பம்ளிமாஸும் ஆளுக்கு ஒன்று.

சரோ: பம்ளிமாஸ் கனம். ரயிலில் 11 பம்ளிமாஸா?

குமார்: குடும்பத்துக்கு ஒன்று

தேவி: கச்சாங் பூத்தே யார் வாங்குவது? காசு யார்?

பாலா: நான் போகிறேன், காசு அப்பா

தேவி: இப்போதுதான் போன் வந்தது. 11 இல்லை 12. மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவரும் ஏறிவிட்டாராம். அண்ணே, வேனில் இடம் இருக்கிறதா?

சுந்தரம்: வேன் 14 சீட். நம்மவர்கள் எத்தனை பேர் என்று யாரும் இன்னும் எண்ணவில்லை. ராஜேன் காரும் வேண்டும் போலிருக்கிறது. அப்போ ராஜேனும் அன்றைக்கு மைலோதான்.

ராஜேன்: அண்ணே!

பாலா: அத்தை, அந்தச் சித்தப்பா சனிக்கிழமை கவுச்சி சாப்பிடுவாரா?

தேவி: கேட்டுச் சொல்கிறேன்