எம்ஜிபி டேஷ்போர்டு: கருப்பு கிராக்கிள் பெயின்ட்டா, வால்நட் மரமா?

வணக்கம் நண்பர்களே. என்னிடம் 1967 எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரை திறக்கும் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) இருக்கிறது. பாடி கரும்பச்சை, சீட் பழுப்புத் தோல். வெளி பெயின்ட் வேலை முடிந்தது. டேஷ்போர்டு மட்டும் வெறும் இரும்பாக நிற்கிறது.

இங்கிலாந்தின் ஆபிங்டன் எம்ஜி தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அதில் சுருக்கம் விழுந்த கருப்பு கிராக்கிள் பெயின்ட்தான். வெயிலில் முன்கண்ணாடியில் பிரதிபலிக்காது, ஸ்மித்ஸ் கம்பெனி மீட்டர்கள் எடுப்பாகத் தெரியும். ஆனால் ஸ்ப்ரே கேனில் நாமே அடித்தால் சுருக்கம் சீராக வருமா? கனமாக அடித்துச் சூடு காட்ட வேண்டும் என்கிறார்கள். ஹீட் கன் போதுமா?

மனசு என்னவோ வால்நட் வெனீர் (மெல்லிய மரத்தகடு) பக்கம்தான் இழுக்கிறது. அந்தப் பச்சைக்கும் பழுப்புக்கும் நடுவே மரம் அவ்வளவு அழகு! எம்ஜிபிக்கு அது அசல் இல்லை என்று தெரியும், அதில் எனக்கு வருத்தமில்லை. பயமெல்லாம் வேறு. திறந்த கார், மழையும் வெயிலும் நேரே படும். பளபள லேக்கர் வெடித்துவிடுமா? பளபளப்பு குறைந்த சாட்டின் பூச்சு தாங்குமா? இரும்பின் மேலேயே மரப்பலகை ஒட்டினால், அந்தத் தடிமனுக்கு மீட்டர்களின் பின்பக்கக் கிளாம்ப் எட்டுமா?

அலுமினியம் வேண்டாம், கண் கூசும்.

மரம் போட்டுச் சில வருஷம் ஓட்டியவர்கள் யாராவது இருந்தால், இப்போது அது எப்படி இருக்கிறது என்று ஒரு படம் போடுங்கள், ப்ளீஸ்.