முதுகுத்தண்டு அறுவை சிகிச்சை: காப்பீட்டுடன் எவ்வளவு, காப்பீடு இல்லாமல் எவ்வளவு?

வெண்ணாற்றங்கரை (மன்னார்குடி):

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 62. ஒன்றரை ஏக்கர் குத்தகை நிலத்தில் குறுவையும் சம்பாவும் சாகுபடி செய்து வருகிறார். ஆறு மாதமாக இடுப்பிலிருந்து இடது கால் வரை வலி இறங்குகிறது. நூறு அடி நடந்தால் உட்கார்ந்துவிடுகிறார். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில் எல்4–எல்5 இடத்தில் (இடுப்புப் பகுதியின் நான்காம், ஐந்தாம் முதுகெலும்புகள்) எலும்பு நகர்ந்து நரம்பை அழுத்துவதாகவும், திருகும் கம்பியும் பொருத்தி எலும்பை இணைக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படும் என்றும் திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் கூறினார்கள். பணமாகக் கட்டினால் 3,40,000 ரூபாய் ஆகும் என்றார்கள். அவர் பெயரில் 3 லட்சம் ரூபாய்க்கு ‘ஆரோக்ய சஞ்சீவனி’ என்ற மருத்துவக் காப்பீட்டு பாலிசி எடுத்து 20 மாதங்கள் ஆகின்றன. அப்படியானால் நாங்கள் 40,000 மட்டும் புரட்டினால் போதுமா, அல்லது அம்மாவின் நகையை அடகு வைக்க வேண்டிவருமா என்பதைத் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பில்லிங் பிரிவில் இருந்தவர் (தஞ்சாவூர்):

தம்பி, மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். மொத்தத் தொகையிலிருந்து பாலிசித் தொகையைக் கழித்தால் மீதி நம் செலவு என்று கணக்கிட்டு வந்து, வீடு திரும்பும் நாளில் கவுண்டருக்கு முன் தவித்து நின்ற குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் காத்திருப்புக் காலத்தைப் பாருங்கள். நீங்கள் சொல்லும் பாலிசியில் குறிப்பிட்ட சில நோய்களுக்கு 24 மாதங்கள் கழிந்த பின்னரே பணம் கிடைக்கும். டிஸ்க், முதுகெலும்புத் தேய்மானம் தொடர்பானவை பெரும்பாலும் அந்தப் பட்டியலுக்குள் வந்துவிடும். விபத்தால் நேர்ந்தவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. இன்றைக்கு அனுமதித்தால் 3,40,000 முழுவதும் உங்கள் கையிலிருந்துதான் போகும் என்று நினைக்கிறேன். நான்கு மாதம் கழித்து என்றால் மாசி மாதம் வந்துவிடும். சம்பா அறுவடையும் முடிந்திருக்கும். அதுவரை மருந்து, பிசியோதெரபியுடன் தள்ளிப்போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். முடிவு அவருடையதாக இருக்கட்டும். ஆனால் சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழந்தாலோ, தொடையிடுக்கும் ஆசனவாயைச் சுற்றியுள்ள பகுதியும் மரத்துப்போனாலோ, பாதம் தொங்கினாலோ பாலிசியை மறந்துவிட்டு அன்றைக்கே அழைத்துச் செல்லுங்கள். அந்த நரம்பு ஒருமுறை கெட்டுவிட்டால் எந்தப் பணமும் அதைத் திருப்பித் தராது.

அடுத்தது அறை வாடகை. உங்கள் பாலிசியில் நாளொன்றுக்கு அதிகபட்சம் 5,000 ரூபாய்தான். புரிவதற்காக உங்கள் தொகையை நானே இப்படிப் பிரித்துக்கொள்கிறேன்: அறை ஐந்து நாளுக்கு 8,000 வீதம் 40,000, மருத்துவர், மயக்க மருந்து, அறுவை அரங்கக் கட்டணம் 1,60,000, திருகு, கம்பி முதலியவை 1,20,000, மருந்தும் இதரமும் 20,000. பாலிசி அனுமதிக்கும் வாடகைக்கு மேற்பட்ட அறையில் தங்கினால் வாடகை வித்தியாசம் மட்டும் கழியும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் 8,000-க்கு 5,000 என்ற அதே விகிதத்தில் அந்த 1,60,000-உம் எட்டில் ஐந்து பங்காகி ஒரு லட்சமாகக் குறையும். மருந்துக்கும் உடலுக்குள் பொருத்தும் சாதனங்களுக்கும் இந்த விகிதக் குறைப்பு பொருந்தாது. காப்பீடு ஏற்காத கையுறை போன்றவற்றுக்காக 8,000 ரூபாயைத் தள்ளினால், ஏற்கப்படுவது 2,57,000. அதிலும் 5 விழுக்காடு நம் பங்கு. கடைசியில் உங்கள் கையிலிருந்து 95,850 ரூபாய் போகும். அதே சிகிச்சையை 5,000 ரூபாய் அறையில் செய்துகொண்டால் மொத்தம் 3,25,000; பாலிசியின் உச்சமான 3 லட்சத்தில் 5 விழுக்காடு போக 2,85,000 கிடைக்கும் என்பதால், இந்தச் செலவு 40,000 ரூபாயில் நின்றுவிடும். ஆகவே வகை வகையாகப் பிரித்த மதிப்பீட்டை எழுத்தில் வாங்காமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்திடாதீர்கள்.

பாபநாசம் வாசகி:

ஐயா கணக்கைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் குத்தகை விவசாயி என்கிறீர்களே, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையைப் பற்றி ஏன் ஒரு வார்த்தையும் இல்லை? குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் ஆதாரும் கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பதிந்துகொள்ளலாம். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். பிரீமியத்தை அரசே செலுத்துகிறது. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளும் உண்டு. அவற்றில் உங்களுக்குரிய சிகிச்சை நடக்கிறதா என்பதை 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

என் கணவர் தென்னையிலிருந்து விழுந்தபோது தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இந்த அட்டையில்தான் கம்பி வைத்தார்கள். சிகிச்சைக்கென நாங்கள் பணம் கட்டவில்லை. ஆனால் செலவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒப்புதல் வரும்வரை காத்திருந்தோம். துணைக்கு இருப்பவர் சாப்பாடு, பேருந்து, இடுப்பு பெல்ட், வீட்டில் மேற்கத்திய கழிப்பறை என்று சிறுகச் சிறுகப் போனது. அதையெல்லாம்விடப் பெரியது, அவர் குனிந்து வேலை செய்ய முடியாமல் போன மாதங்கள். நாற்றுப் பறிக்கவும் வரப்பு வெட்டவும் கூலிக்கு ஆள் வைத்தோம். அந்தக் கூலியை எந்தக் காப்பீடும் தராது. உங்கள் கணக்கில் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வெண்ணாற்றங்கரை (மன்னார்குடி):

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மருத்துவரைப் பார்த்தோம். காலில் பலம் குறையவில்லை என்பதால் நான்கு மாதம் பொறுக்கலாம் என்றார். ஆனால் டிரங்குப் பெட்டியில் தேடியபோது, பாலிசி எடுப்பதற்கு ஓராண்டுக்கு முன் இடுப்பு வலிக்கு அப்பா சிகிச்சை எடுத்த சீட்டு ஒன்று கிடைத்தது. விண்ணப்பத்தில் அதை நாங்கள் குறிப்பிடவில்லை, பெரிதாக நினைக்கவில்லை. இனி என்ன செய்வது?

பில்லிங் பிரிவில் இருந்தவர் (தஞ்சாவூர்):

அந்தச் சீட்டை மறைக்காதீர்கள் தம்பி. மருத்துவரிடம் வலியின் வரலாற்றை உள்ளபடியே சொல்லுங்கள். முன்பே இருந்த நோய் என்று கொண்டால் காத்திருப்பு 36 மாதம் வரை நீளலாம். விண்ணப்பத்தில் சொல்லாததைக் காட்டி மறுக்கவும் செய்யலாம். இப்போதே நிறுவனத்துக்கு எழுதித் தெரிவித்து, பதிலை எழுத்தில் வாங்குங்கள். மறுப்பு நியாயமற்றது என்று பட்டால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுத வேண்டும். 30 நாளில் தீராவிட்டால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. இருந்தாலும் உங்கள் நிலையில், பாபநாசம் அம்மா சொன்ன அட்டைதான் உறுதியான வழி. மாசி வரை அவகாசம் இருப்பதால் வருமானச் சான்றுக்கு இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.

வெண்ணாற்றங்கரை (மன்னார்குடி):

வருமானச் சான்றுக்கு இன்று காலையே விண்ணப்பித்துவிட்டேன் ஐயா. நகை வீட்டிலேயே இருக்கட்டும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.